தோள்மேல் வந்த படகு

மேனாம்பேடு, அம்பத்தூர்
திருவள்ளுவர் ஆண்டு 2025, ஆனி 28

உழைத்து உண்ணும் தோழர்களே, உலை வைத்துக் காத்திருக்கும் தாய்மாரே, கேளுங்கள். இந்த நாட்டில் ஒரு மாட்டை விற்கச் சந்தை வேண்டும், சீட்டு வேண்டும், சுங்கம் வேண்டும். ஒரு பெண்ணை விற்க எதுவுமே வேண்டியதில்லை. ஏற்றுமதி நிறுவனத்தில் தையல் வேலை என்று ஒரு தரகன் சொன்னால் போதும். பெற்றவனே அவள் பெட்டியைச் சுமந்துபோய்த் தொடர்வண்டியில் ஏற்றிவிட்டு வருகிறான்.

தாயம்மா, நேற்றுப் பேருந்து நிலையத்தருகே இப்படித்தான் பேச்சைத் தொடங்கினேன். உனக்கு எழுதும் மடலையும் இப்படித்தான் தொடங்குகிறேன். எதிரே கூட்டம் இருப்பதாக எண்ணிக்கொண்டால்தான் எனக்கு எழுதுகோல் ஓடுகிறது. நீ சிரிப்பாய். சிரி.

மேட்டூர் அஞ்சலகத்தில் இதை நீ கேட்டுப் பெறும்போது உன் படகு நீரில் இறங்கியிருக்கும். ஆவடியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை, ஊதியமில்லா விடுப்பெடுத்து, மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுப் போகிறாள். எதற்கென்று கேட்டால், கடத்தப்பட்ட பெண்களுக்காகப் பொருள் திரட்ட என்கிறாள். இருபது ஆண்டு மேடை ஏறிய நான் இதைக் கூத்து என்றேன். இன்றும் அதையே சொல்கிறேன்.

நம் நெருக்கடி என்ன? குப்பம்மாளுக்குப் பதினாறு வயது. தகப்பன் இறந்த பிறகு அவளைப் பம்பாய்க்கு விற்றவன் அவள் சிற்றப்பன். மீட்டுக் கொண்டுவந்தோம், உன் வீட்டில் இருக்கிறாள். ஆகத்து 22, திங்கட்கிழமை வரைதான் பூந்தமல்லி வழக்குமன்றம் அவளை நம்மிடம் விட்டிருக்கிறது. அன்று இரண்டைக் காட்டவேண்டும். மீண்டு வரும் பெண்கள் தங்க ஒரு காப்பகம். அதற்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட ஐந்து பெண்கள். இரண்டும் இல்லையேல் சட்டப்படி அவளுக்கு உறவு யாரோ அவனிடமே ஒப்படைப்பார்கள். அந்த உறவு, அந்தச் சிற்றப்பன்.

இதற்காகத்தான் தெருத்தெருவாகப் பேசினேன். நீ என்ன சொன்னாய்? "உன் பேச்சுக்குக் கை தட்டுறாங்க அண்ணா. கைதட்டு ஊட்டு வாடகை கட்டுமா?" என்று, என் தோழர்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்த இடத்தில் கேட்டாய். நானும் சூளுரைத்தேன்: நீ ஆற்றில் இறங்கினால் என் மேடையில் உன் பெயர் ஒலிக்காது.

சொன்ன சொல் சொன்னதுதான். குப்பம்மாள் நலம். மிதவைச் சட்டையை மறவாமல் அணிக.

கன்னியப்பன்

---

நெரிஞ்சிப்பேட்டை
20-7-94

அண்ணா,

உன் கடிதத்தை மேட்டூரில் வாங்கினேன். முதல் பத்தியைச் சுலைமான் பாய்க்கு வாசித்துக் காட்டினேன். பஞ்சர் கடையைப் பூட்டிவிட்டு மகள் பேச்சையும் கேட்காமல் எம்.எய்ட்டி வண்டியில் கரையோரம் என் பின்னால் வருகிற மனுஷன் அவர். நல்லது கேட்கட்டும் என்று நினைத்தேன். "அண்ணாத்த எழுதுனாலும் மைக் புட்ச்சிக்கினுதான் எழுதுவாரு" என்றார்.

நான் கஷ்டத்தைத்தான் எழுதப்போகிறேன். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே.

நாம் எல்லாரும் அம்பத்தூர் ஏரியில் பழகியவர்கள். ஏரிக்கு ஒரு கரை, ஒரு தண்ணீர். ஆறும் அப்படித்தான், நீளமான ஏரி என்று நினைத்து வரைபடத்தைப் பார்த்துவிட்டேன். மேட்டூருக்குக் கீழே மின்சாரம் எடுக்க அடுத்தடுத்துக் கதவணை கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் படகைக் கரையேற்றி, தோளில் தூக்கிக்கொண்டு சுற்றிப்போய், மறுபக்கம் இறக்க வேண்டும். கயாக் படகு என்றால் ஒரு ஆள் தூக்கிவிடலாம் என்றுதானே படித்தோம். நம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபைபர் தொட்டி செய்கிற வேம்புலி அண்ணன் வார்த்துக் கொடுத்த இந்தப் படகை நானும் பாயும் சேர்ந்து தூக்கினால் முட்டிக்கு மேல் வரவில்லை. "இன்னாமா இது, தண்ணித் தொட்டிக்கு மூக்கு வெச்சிக் குட்த்துக்கீறான் வேம்புலி" என்று பாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நீ வைத்த 'நீர்க்கிழத்தி' என்கிற பெயர் பெயின்ட்டில்தான் இருக்கிறது. எல்லாரும் தொட்டி என்றுதான் கூப்பிடுகிறோம்.

முதல் கதவணையில் பரிசல்காரர்கள் நாலு பேரைக் கேட்டேன். வெள்ளைப் படகு, மேலே மூடியது, ஆள் நீளத்துக்கு மேல் நீளம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏனுங்க அம்மணி, ஆடி மாசம் பொறந்ததும் பொறக்காததுமா பாடையாட்டத் தோள்ல தூக்கச் சொல்றீங்களே" என்று ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் நகர்ந்துவிட்டார்கள். கோபம் வரவில்லை. தள்ளி நின்று பார்த்தால் எனக்கே அப்படித்தான் தெரிந்தது.

துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா மட்டும் சோப்பைக் கல்லில் வைத்துவிட்டு வந்தார். பெயர் பார்வதம். எதற்கு இந்த வேலை என்று கேட்டார். குப்பம்மாவைப் பற்றிச் சொன்னேன். உன்னைப் போல எனக்குப் பேச வராது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். தன் மகள் மாதம்மாள் போன தை மாதம் நூல் மில் வேலை என்று போனவள், இன்னும் ஒரு கடிதம் போடவில்லை என்றார். முந்தானையைச் சுருட்டிச் சும்மாடாக்கித் தோளில் வைத்தார். துவைத்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களைத் திரும்பிப் பார்த்தார்.

பரிசல்காரர், "ஏ பார்வதம், பொம்பளைங்க பாடை தூக்கறதா?" என்றார்.

"பொணம்னா எங்களையா கூப்புடுவீங்க? இது உசுரோட இருக்கற புள்ளைக்கு. வந்து முன்னாடி வழிய உடுங்க" என்றார் பார்வதம்.

ஆறு பெண்கள் தூக்கினார்கள் அண்ணா. சாலையில் பேருந்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் என்ன என்று கேட்க, தூக்கிக்கொண்டே பதில் சொன்னார்கள். பாய் உண்டியலைச் சன்னல் சன்னலாகக் காட்டிக்கொண்டு போனார்.

இதை மேடையில் வாசிக்காதே. உனக்கு மட்டும் எழுதியது.

தாயம்மா

---

மேனாம்பேடு
தி.ஆ. 2025, ஆடி 8

தங்கையே,

வாசித்துவிட்டேன். மேடையில் அல்ல; குழாயடியில். தண்ணீருக்கு நின்ற பெண்கள், "தாயம்மா இன்னா எழுதிக்கீறா?" என்று கேட்டார்கள். உன் பெயரை நான் சொல்லவில்லை, அவர்கள் சொன்னார்கள். ஆகவே சூளுரை உடையவில்லை.

அந்தப் பார்வதத்தின் சொல் வந்த இடத்தில் நாகம்மா குடத்தை வைத்துவிட்டாள். "இன்னொரு வாட்டி படி" என்றாள். நான் பேசும்போது இடையில் எழுந்துபோய்க் குழம்பு தாளித்துவிட்டு வருபவள் அவள்.

பின்பு நேரே வேம்புலியின் பட்டறைக்குப் போனேன். ஒரு பெண்ணின் முதுகை முறிக்கவா படகு செய்தீர் என்று, தொழிற்பேட்டையே திரும்பிப் பார்க்கும் குரலில் கேட்டேன். அவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைக்கவில்லை.

"அண்ணாத்தே, நாங்க மொட்டமாடித் தொட்டி செய்றவங்கோ. ரெண்டு கோட்டு அட்ச்சா போதும்னு புக்குல போட்டுகீது. ரெண்டு கோட்டுத் தொட்டி ஒரு நாளு ஒழுகிச்சின்னா கஸ்டமரு ஊட்டாண்ட வந்து நிப்பான். நம்ப தங்கச்சி ஏறுற வண்டிக்கு ரெண்டு கோட்டு அடிக்கக் கை வர்ல. நாலு அட்ச்சேன். மேல ஒண்ணு மனசு கேக்காத அட்ச்சேன்" என்றார்.

அன்பே எடையாக ஏறியிருக்கிறது, என்ன சொல்ல? ஆயினும் தீர்வு கண்டேன். வேம்புலியும் அவர் ஆட்களும் இரவு பகலாக உழைத்து இரண்டே பூச்சில் மெல்லிய படகு ஒன்றை வார்த்துவிட்டார்கள். ஒற்றை ஆள் தூக்கலாம். நானே தூக்கிப் பார்த்தேன். சரக்குந்தில் திருச்சிக்கு வருகிறது. அதற்கு மாறிக்கொள். இனி எவரையும் நீ கெஞ்ச வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி, அஞ்சாதே. நேற்று மாலை அந்தச் சிற்றப்பன் இரண்டு ஆட்களோடு உன் வீட்டு வாயிலில் வந்து நின்றான். "எங்க அண்ணன் பொண்ணு. என்னாண்ட குடு. கோர்ட்டே குடுக்கப்போவுது, அதுக்குள்ள உனுக்கு இன்னா?" என்றான். குப்பம்மாள் உள்ளே கதவைத் தாழிட்டுக்கொண்டாள். நான் ஒருவன். அவர்கள் மூவர். என்னிடம் இருந்த படைக்கலம் ஒன்றே ஒன்று, அதை எடுத்தேன். "மேனாம்பேட்டு மக்களே, பெண்ணை விற்றவன் மீதியை வாங்க வந்திருக்கிறான்" என்று தொடங்கினேன். இரண்டாம் சொற்றொடர் முடியுமுன் தெருவின் கதவுகள் அத்தனையும் திறந்தன. மூன்றாவதைச் சொல்ல அவன் இடம் தரவில்லை; போய்விட்டான்.

கைதட்டு வாடகை கட்டாது. ஒப்புக்கொள்கிறேன். குரல் ஒரு தெருவைத் திறக்கும் என்பதை நீயும் ஒப்புக்கொள்.

ஆனால் அவன் போகும்போது சிரித்தான், தாயம்மா. அந்த ஆகத்து 22-ஐ எண்ணிச் சிரித்தான். கையொப்பமிட இன்னும் ஒரு பெண்கூட முன்வரவில்லை. வழக்குமன்றப் படி ஏறுவது என்றாலே, "எங்க ஊட்டுக்காரரு வைவாரு" என்கிறார்கள்.

கன்னியப்பன்

---

திருச்சி
4-8-94

அண்ணா,

புதுப் படகு வந்து சேர்ந்தது. அழகாக இருக்கிறது. அதே சரக்குந்தில் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வேம்புலி அண்ணன் வருத்தப்படக் கூடாது. முதலில் அவரிடம் ஒன்றைச் சொல். கொடுமுடிக்கு அருகே ஆற்று நடுவில் பாறைகள். வெள்ளம் என்னைத் திருப்பி அடிப்பக்கமாகப் பாறைமேல் அடித்தது. கவிழ்ந்தேன். நீரடியில் கண் தெரியவில்லை, மூக்கில் மணல். மேலே வந்தபோது படகு என் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அடிப்பக்கம் கையகலத்துக்கு அடிபட்டு வெள்ளை உரிந்திருந்தது. உள்ளே இன்னும் பூச்சு பாக்கி இருந்தது. இரண்டு கோட்டுப் படகாயிருந்தால் அது பாதியும் நான் பாதியுமாக முசிறி போயிருப்போம். பாய் கரையிலிருந்து, "ஒழுவுதா?" என்றுதான் முதலில் கேட்டார். ஒழுகவில்லை.

ஆனால் நான் திருப்பி அனுப்பியதற்குக் காரணம் பாறை இல்லை.

யோசித்துப் பார். ஒற்றை ஆள் தூக்குகிற படகாயிருந்தால் முதல் கதவணையை நான் தனியாகத் தாண்டியிருப்பேன். பார்வதம் துணி துவைத்துக்கொண்டே என்னை வேடிக்கை பார்த்திருப்பார். யாரையும் கேட்டிருக்க மாட்டேன். யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள். தொட்டி கனமாக இருப்பதால்தான் ஒவ்வோர் ஊரிலும் ஆறு பெண்களை நான் கேட்டாக வேண்டும். கேட்டால் கதையைச் சொல்லியாக வேண்டும். தோள் வலிக்கத் தூக்கினவள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருக்க மாட்டாள் அண்ணா. அந்த வலி இரண்டு நாளைக்கு அவளைப் பேச வைக்கும். இப்போது நான் கேட்பதே இல்லை. எனக்கு முன்னால் பேருந்தில் சேதி போய்விடுகிறது. முக்கொம்பில் போய் இறங்கும்போது, "தொட்டி வந்துருச்சு" என்று சும்மாடு சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள்.

நேற்று ஆடிப் பதினெட்டு. அம்மா மண்டபப் படித்துறையில் கால் வைக்க இடமில்லை. ஆற்றுக்குக் காதோலை கருகமணி விட்டுக்கொண்டிருந்த பெண்கள் படகைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஒரு புதுப்பெண், தாலிக்கயிறு மாற்றிக்கொள்ள வைத்திருந்ததில் ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துப் படகு மூக்கில் கட்டினாள். ஏம்மா என்றேன். "அந்தப் புள்ளையும் நல்லா இருக்கட்டும்" என்றாள். பிறகு எத்தனை பேர் கட்டினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெள்ளைப் படகு மஞ்சளாகிவிட்டது. கட்டினவர்கள் யாரும் உண்டியலில் போடாமல் போகவில்லை. ஒரு பாட்டியின் கம்மலே விழுந்தது. இனி பாடை என்று ஒருவரும் சொல்ல முடியாது என்று பாய் அழுதுகொண்டே சிரித்தார்.

காப்பகத்துக்கு நாம் வாடகைக்குப் பார்த்துவைத்த காட்டுப்பாக்கம் வீட்டுக்காரம்மாவிடம் பேசு. பணம் பாய் மகன் வழியாக வருகிறது. போதும் என்று நினைக்கிறேன்.

உன் குரல் தெருவைத் திறந்ததை ஒப்புக்கொள்கிறேன். முழுமனதாக.

தாயம்மா

---

மேனாம்பேடு
ஆடி 25

தங்கையே,

காட்டுப்பாக்கத்து வீடு நமதாயிற்று. வீட்டுக்குரிய பஞ்சவர்ணம் அம்மையார் சாவியைக் குப்பம்மாள் கையில்தான் தருவேன் என்றார். அவள் அதைக் கழுத்துக் கயிற்றில் கோத்துக்கொண்டாள், கழற்றவே இல்லை.

பொறுப்பாளர் ஐவரில் ஒருத்தி உறுதி: நாகம்மா. "அங்க யாரோ பெத்த புள்ளைக்கு ஆத்தங்கரைல தூக்கறாளுங்கோ. நம்ப தெருப் பொண்ணுக்கு நாம குந்திகினு கீறோம்" என்றாள். மற்ற நால்வருக்கு இன்னும் அலைகிறேன். உன் இரண்டாம் மடலைக் குழாயடியில் படித்துப் படித்துத் தாள் கிழிந்துவிட்டது. வழக்கு நாளுக்கு நீ வந்துவிடு. நீ அருகில் நின்றால் அவர்கள் வருவார்கள்.

கன்னியப்பன்

---

பூம்புகார்
18-8-94

அண்ணா,

கடலைத் தொட்டுவிட்டேன்.

கடைசி மைலில் ஆறு மெலிந்துவிட்டது. அங்கங்கே இறங்கி இழுத்தேன். மணல்மேட்டைத் தாண்டி முதல் அலை படகுக்குள் அடித்தபோது உப்புக் கரித்தது. வாய்விட்டுக் கத்தினேன். உன் தங்கைதான் நான் என்று அப்போது தெரிந்தது. மீனவப் பெண்கள் வலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, படகை என்னோடு சேர்த்தே தூக்கிவிட்டார்கள். இறங்கவே விடவில்லை.

இப்போது கெட்ட சேதி. காய்ச்சல். மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டார்கள். பத்து நாள் எழக்கூடாது என்கிறார் டாக்டர். திங்கட்கிழமைக்கு என்னால் வர முடியாது.

தொட்டி வரும். உப்பு லாரி ஒன்றில் பாய் ஏற்றிக்கொண்டு வருகிறார். மஞ்சள் கயிறு ஒன்றைக்கூட அவிழ்க்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அதைக் காட்டுப்பாக்கம் வீட்டு வாசலில் இறக்கு. கையெழுத்துப் போட வாருங்கள் என்று யாரையும் கேட்காதே. கோர்ட்டு என்ற சொல்லையே எடுக்காதே. இதைப் பூந்தமல்லி வரை தூக்க ஆள் வேண்டும் என்று மட்டும் சொல். பிறகு நீ வாயை மூடிக்கொண்டு ஒரு முனையைப் பிடி.

தாயம்மா

---

காட்டுப்பாக்கம், காப்பகம்
ஆவணி 6, திங்கள் மாலை

தாயம்மா,

நீ சொன்னபடி வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் அதைவிடக் கடினமான செயலைச் செய்ததில்லை.

காலையில் வாயிலில் படகு. நாகம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டித் தோளில் வைத்தாள். அப்புறம் யார் யார் வந்தார்கள் என்று எழுதினால் தாள் போதாது. படைத்தொழிற்சாலைக் குடியிருப்பிலிருந்து மூதாட்டி ஒருத்தி தன் மருமகளோடு வந்தாள். மாங்காட்டுப் பூக்காரிகள் கூடையை இறக்கிவிட்டு வந்தார்கள். நெடுஞ்சாலையில் பேருந்துகள் ஒதுங்கின. ஒருவன் சன்னல் வழியே, "இன்னாக்கா, சாமி ஊர்கோலமா?" என்றான். "இல்லடா, சம்பந்திங்க வராங்கோ, வழி வுடு" என்றாள் நாகம்மா. நான் பின்முனையைப் பிடித்திருந்தேன். வேம்புலியின் ஐந்தாம் பூச்சு என் தோளில் இன்னும் எரிகிறது.

வழக்குமன்ற வாயிலில் சிற்றப்பன் நின்றான். அவன் சிரிப்பு படகைக் கண்டதும் நின்றது.

உள்ளே நடுவர் கேட்டார்: காப்பகம் உண்டா? குப்பம்மாள் கழுத்துச் சாவியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பொறுப்பேற்பவர் யார்? நான் வாய் திறக்கப் போனேன். உன் கட்டளை நினைவுக்கு வந்தது. நாகம்மா முன்னே வந்தாள். தோள் சிவந்து சேலை கசங்கி நின்ற பெண்கள் அவள் பின்னால் வந்தார்கள். இவ்வளவு தொலைவு சுமந்தவளுக்குக் கையொப்பம் ஒரு சுமையா? ஐந்து பேர் போதும் என்றார் நடுவர். "எங்க பேரு வோணாமா அப்போ?" என்று கதவருகே நின்றவர்கள் சண்டைக்கு வந்தார்கள். எழுத்தர் கூடுதல் தாள் எடுக்க எழுந்தார். சிற்றப்பனின் மனு தள்ளப்பட்டது. அவன்மேல் புது வழக்குப் பதிய ஆணை. குப்பம்மாள் நம்மோடு.

இன்று மாலை இங்கே திறப்புக் கூட்டம். சூளுரையை உடைக்கப்போகிறேன்; மேடையில் உன் பெயரே முதற்சொல். நீ காய்ச்சலில் படுத்தபடி படிப்பதற்காக நான் பேசப்போவதைக் கீழே எழுதுகிறேன். இம்முறை சுருக்கம்.

"தாயம்மாளைத் தோள்மேல் ஏற்றிய தாய்மாரே, தோழர்களே. இருபது ஆண்டு உங்களைக் கை தட்ட வைத்தேன். இன்று கை தட்டாதீர்கள். கைக்கு வேறு வேலை இருக்கிறது. ஆறு ஓடிய ஊரெல்லாம் பெண்கள் இந்தப் படகைச் சுமந்தார்கள். மேட்டூர் நீர் சுமந்த படகு மேனாம்பேட்டுத் தோளில் வந்து இறங்கியது. ஒருத்தி மீண்டாள். வீடு பெரியது. அறைகள் வெறுமையாக இருக்கின்றன. அது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை.

உங்கள் தெருவில் வேலைக்கென்று போனவள் எவள்? மூன்று திங்களாகக் கடிதம் போடாதவள் எவள்? உங்களுக்குத் தெரியும். ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் தெரியும். மானம் போய்விடும் என்று அந்தப் பெயரை விழுங்கினீர்கள். விற்றவனுக்கு அதுதான் கோட்டை. அந்தக் கோட்டையை இப்போதே, இந்த இடத்திலேயே இடியுங்கள். முதற் பெயரை நான் சொல்கிறேன்: நெரிஞ்சிப்பேட்டைப் பார்வதத்தின் மகள் மாதம்மாள். அவளைத் தேடி நாளைக் காலை நாகம்மாவும் சுலைமானும் புறப்படுகிறார்கள்.

இரண்டாம் பெயர் யாருடையது? எழுந்து நின்று சொல்லுங்கள்."

கன்னியப்பன்